வெல்லத்தின் மேல் ஒரு புள்ளி

2004 பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு, மதுரை கீழமாசி வீதியில் ஒரு மொத்த மளிகைக் கடையில், ஒரே சீனி மூட்டைக்கு இரண்டு பில் விழுந்தது. வாங்கியவர் மேலூர் பக்கம் சில்லறைக் கடை வைத்திருப்பவர், பல வருட வாடிக்கை. “கணக்குல ஒரு மூட்டை கூடுதே அண்ணாச்சி” என்று அவர் திரும்பி வந்து கடை முதலாளியிடம் சொன்னபோது, கடையில் நின்ற அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். பில் போடும் புரோகிராமை எழுதியவன் நான்.

பில் போட்ட பையன் மீது தப்பில்லை. அதற்கு முன்பு கடையில் இருந்தது பழைய டாஸ் புரோகிராம். அதில் அடுத்த சரக்குக்குப் போக எஃப்5 பொத்தான். நான் எழுதிக் கொடுத்ததோ பிரவுசருக்குள் ஓடியது. பிரவுசரில் எஃப்5 அழுத்தினால் பக்கத்தை மறுபடி அனுப்பு என்று பொருள். அனுப்பட்டுமா என்று அது ஒரு கேள்வி கேட்கும். ஆங்கிலத்தில் வந்த கேள்விக்குப் பையன் என்டரைத் தட்டியிருக்கிறான். கூட்ட நேரத்தில் யார்தான் வாசித்துக்கொண்டிருப்பார்கள்?

எனக்கு அப்போது தெரிந்த ஒரே மொழி பிஎச்பி. ராஸ்மஸ் லெர்டார்ஃப் தன்னுடைய இணையப் பக்கத்தில் இருந்த சுயவிவரத்தை யார் வந்து பார்க்கிறார்கள் என்று அறிய எழுதிய சின்னக் கருவிகள்தான் 1995-இல் அந்தப் பெயரோடு வெளியே வந்தன. இணையப் பக்கத்துக்காகவே பிறந்த மொழி. மதுரையில் கடை புரோகிராம் எழுதுகிறவர்கள் எல்லோரும் விஷுவல் பேசிக் 6-இல் எழுதினார்கள். நான் மட்டும் ஒரு வெப்சைட் கம்பெனியில் எட்டு மாதம் வேலை பார்த்துவிட்டு, அங்கே கற்றதை வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினேன். அண்ணாச்சி கடையில் இன்டர்நெட் கிடையாது. அதனால் சர்வரையும் அந்தக் கடைக் கணினியிலேயே வைத்தேன். பிரவுசர் கேட்கும், பக்கத்திலேயே இருக்கும் சர்வர் பதில் சொல்லும். கடைக்குள்ளேயே ஒரு குட்டி இணையம்.

அந்த ஏற்பாட்டில் எஃப்5 மட்டும் பிரச்சினை இல்லை. எண்ணிக்கையை அடித்து, தப்பென்று பேக்ஸ்பேஸ் அழுத்தும்போது கர்சர் கட்டத்துக்கு வெளியே இருந்தால், அந்தக் காலத்து பிரவுசர் முந்தைய பக்கத்துக்கே போய்விடும். இருபது சரக்கு ஏற்றிய பில் கண்ணெதிரே காணாமல் போகும். ஒவ்வொரு சரக்கைச் சேர்க்கும்போதும் பக்கம் முழுக்க ஒருமுறை வெளுத்து மறுபடி வரும். பக்கத்தை மாற்றாமலே சர்வரிடம் பேசும் வழி 1999-லேயே பிரவுசருக்குள் வந்துவிட்டது, ஆனால் அதற்கு ஏஜாக்ஸ் என்று பெயர் விழுந்து என்னைப் போன்றவர்களின் காதுக்கு எட்டியது 2005-இல். அச்சடித்தாலோ, பில்லின் தலையில் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று முகவரியும் விழும்.

“தம்பி, என் கடைப் பேரு போட வேண்டிய எடத்துல யாரு பேரப்பா இது?” என்றார் அண்ணாச்சி.

இரட்டை பில் விழுந்த அன்று ராத்திரி நான் முடிவு செய்தேன், பிரவுசர் இதற்கான இடமில்லை என்று. கடைக்காரருக்குத் தேவை ஒரு சன்னல். தனக்கென்று ஒரு தலைப்பு, தனக்கென்று பொத்தான்கள், காலையில் திறந்து ராத்திரி மூடும் சன்னல்.

விஷுவல் பேசிக் படிக்கலாம் என்றுதான் முதலில் கிளம்பினேன். அப்போதுதான் பிஎச்பி-ஜிடிகே கண்ணில் பட்டது. ஆந்த்ரேய் ஸ்மியெவ்ஸ்கி என்பவர் 2001-இல் வெளியிட்டது. பிஎச்பி வெறும் இணையப் பக்கத்து மொழி இல்லை, எதற்கும் பயன்படும் முழு மொழிதான் என்று காட்டுவது அவர் நோக்கம். கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளுக்காக எழுதப்பட்ட சன்னல் கருவித்தொகுப்புதான் ஜிடிகே. இவர் அதை பிஎச்பிக்குள் கொண்டுவந்து மாட்டியிருந்தார். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இறக்கி, சிடியில் எழுதி, வீட்டுக்கு எடுத்து வந்தேன். முதல் சன்னல் திறந்தபோது அதில் ஒரே ஒரு பொத்தான்தான் இருந்தது. அதை நான் எத்தனை தடவை அழுத்தியிருப்பேன் என்று கணக்கில்லை. எனக்குத் தெரிந்த மொழி, எனக்குத் தெரிந்த இலக்கணம், ஆனால் பக்கம் இல்லை, சர்வர் இல்லை, பிரவுசர் இல்லை.

எழுதும் பழக்கம்தான் தலைகீழாக மாறியது. இணையத்தில் பிஎச்பி நிரலின் ஆயுள் ஒரு கேள்விக்கும் ஒரு பதிலுக்கும் இடையில் முடிந்துவிடும். கேட்டால் பிறக்கும், பதில் சொன்னதும் சாகும். போன கேள்வியில் என்ன நடந்தது என்று அதற்கு ஞாபகம் இருக்காது. ஞாபகம் வேண்டுமானால் நாம்தான் எங்காவது எழுதி வைத்து எடுத்துக் கொடுக்க வேண்டும். ஜிடிகேயில் அப்படி இல்லை. எல்லாச் சன்னலையும் பொத்தானையும் அடுக்கிவிட்டுக் கடைசியில் ஒரே ஒரு வரி எழுதுவோம். அந்த வரியில் நிரல் வந்து உட்கார்ந்து காத்திருக்கும். பொத்தானை அழுத்தினால் எழுந்து அந்த வேலையைச் செய்துவிட்டு மறுபடி வந்து உட்காரும். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அண்ணாச்சி மாதிரியே.

காலை ஒன்பது மணிக்குத் திறந்தால் ராத்திரி பத்து வரை அது உயிரோடு இருக்க வேண்டும். அந்த மொழிக்கு அந்தப் பழக்கம் இல்லை என்பது முதல் வாரத்திலேயே தெரிந்தது. சாயங்காலம் ஆக ஆகப் புரோகிராம் சோர்ந்தது. மத்தியானம் சட்டென்று வரும் சரக்குப் பட்டியல் விளக்கு வைக்கும் நேரத்தில் நின்று நின்று வந்தது. காரணம் கண்டுபிடிக்க எனக்குப் பத்து நாள் ஆயிற்று. ஒரு பொருளை யாரும் பிடித்திருக்கவில்லை என்றால்தான் பிஎச்பி அதன் நினைவிடத்தை விடுவிக்கும். சன்னல் பட்டியலைப் பிடித்திருக்கிறது, பட்டியல் சன்னலைப் பிடித்திருக்கிறது என்றால், இரண்டும் யாருக்கும் வேண்டாதவையாகிவிட்ட பிறகும் ஒன்றையொன்று பிடித்தபடி கிடக்கும். இணையத்தில் இது யார் கண்ணிலும் படாது. பதில் முடிந்ததும் மொத்தமாகக் கழுவித் துடைத்துவிடுவார்கள். நாள் முழுக்க ஓடுகிற கடையில் அது அப்படியே சேரும். கணினியில் இருந்ததோ 128 எம்பி. இப்படி வளையமாகப் பிடித்துக் கிடப்பவற்றைத் தானே கண்டுபிடித்துக் கழிக்கும் வசதி பிஎச்பிக்கு 2009-இல், 5.3 பதிப்பில்தான் வந்தது. அதற்கு ஐந்து வருடம் முன்னால் நான் கண்ட வழி இது: இருநூறு பில்லுக்கு ஒருமுறை புரோகிராம் தன் நிலையைக் கோப்பில் எழுதிவிட்டு, தன்னையே மூடி, மறுபடி திறந்துகொள்ளும். கண்ணிமைக்கும் நேரம் திரை அணைந்து எரியும். பையன்கள் அதற்கு ‘மூச்சு விடுது’ என்று பெயர் வைத்தார்கள்.

கணக்கு போய்ச் சேர்ந்த இடம் எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ். அதைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ரிச்சர்ட் ஹிப் என்பவர் அமெரிக்கக் கடற்படையின் போர்க்கப்பல் ஒன்றுக்கான மென்பொருள் வேலையில் இருந்தபோது, டேட்டாபேஸ் சர்வர் என்று தனியாக ஒன்று படுத்துவிட்டால் தன் புரோகிராமும் சேர்ந்து படுத்துவிடக் கூடாது என்று யோசித்து, 2000-இல் வெளியிட்டது. சர்வர் கிடையாது, நிர்வாகி கிடையாது. எல்லாம் ஒரே கோப்பு. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனாலும், மறுபடி திறக்கும்போது பாதியில் நின்ற பில்லை நீக்கிவிட்டு முழுதாக முடிந்தவற்றை மட்டும் வைத்திருக்கும். 2004-இல் பிஎச்பி 5 அதைத் தன்னோடு சேர்த்தே தந்தது. கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கும் கடைத்தெருவுக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை யாரும் செய்து தந்திருக்க முடியாது. ராத்திரி அந்த ஒற்றைக் கோப்பை சிடியில் எழுதி அண்ணாச்சி வீட்டுக்கு எடுத்துப் போவார். சாமி படத்துக்குப் பின்னால் ஒரு அட்டைப்பெட்டியில் வைப்பார். வருடக் கணக்கு முழுக்க அந்த அட்டைப்பெட்டியில் இருந்தது.

அச்சடிப்பில்தான் எனக்கு நிஜமான மகிழ்ச்சி கிடைத்தது. எண்பது பத்தி டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், தொடர் தாள், கார்பன் வைத்து இரண்டு படி. ‘எல்பிடி1’ என்ற பெயரை ஒரு கோப்பைத் திறப்பது போலத் திறந்து, அதில் எழுதினால் போதும், நேரே பிரிண்டருக்குப் போகும். 27, 64 என்று இரண்டு எண்களை அனுப்பினால் பிரிண்டர் தன் பழசையெல்லாம் மறந்து புதிதாக நிற்கும். 15 என்று அனுப்பினால் எழுத்து ஒடுங்கி, வரிக்கு அதிகம் கொள்ளும். சரக்குப் பெயருக்கு இருபது எழுத்து, அளவுக்கு ஏழு, விலைக்கு ஒன்பது என்று பத்தி பிரித்தேன். பெயர் இருபதைத் தாண்டினால் வெட்டு, குறைந்தால் இடைவெளி இட்டு நிரப்பு. பொத்தானை அழுத்தி வாடிக்கையாளர் நிமிர்வதற்குள் பில் வந்து விழும். அந்த ‘கிர்ர்’ சத்தம் கேட்டதும் மூட்டை தூக்குகிறவர் நகர ஆரம்பிப்பார்.

ஆனால் அந்த எழுத்து ஆங்கில எழுத்து.

பிரிண்டருக்குள் பதிந்து கிடக்கும் எழுத்துருக்களில் தமிழ் இல்லை. படமாக வரைந்து அனுப்பினால் தமிழ் வரும். ஒன்பது ஊசித் தலை ஒரு வரி எழுத்துக்கு முன்னும் பின்னுமாகப் பலமுறை ஓட வேண்டும், கூட்ட நேரத்தில் வரிசை தெருவுக்குப் போய்விடும். திரையிலும் இதே கதைதான். கடையில் இருந்தது விண்டோஸ் 98. தமிழ் வேண்டுமென்றால் பாமினி போன்ற எழுத்துருக்கள் உண்டு. அவற்றில் தமிழ் என்பது ஒரு முகமூடி. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தே. ‘தமிழ்’ என்று பாமினியில் அடித்து, எழுத்துருவை எடுத்துவிட்டால் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து குறிகள் எஞ்சும். அகர வரிசைப்படி சரக்கை அடுக்கச் சொன்னால் ஆங்கில வரிசையில் அடுக்கும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு அரசு டாம், டாப் என்று குறியீடுகளை அறிவித்திருந்தது. ஆளுக்கொன்று வைத்திருந்த நிலை அதனால் உடனே மாறிவிடவில்லை. ஜிடிகேயின் பழைய பதிப்புக்கு இவை எதுவும் தெரியாது.

ஆகவே துவரம்பருப்பு ‘டி. பருப்பு’ ஆயிற்று. உளுத்தம்பருப்பு ‘யூ. பருப்பு’. பாசிப்பருப்பும் பட்டாணிப்பருப்பும் ஒரே ‘பி. பருப்பு’ ஆகி, ஒருமுறை திருமங்கலத்துக் கடை ஒன்றுக்குப் பாசிக்குப் பதில் பட்டாணி போய்ச் சேர்ந்தது. அண்ணாச்சி ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். தினத்தந்தியை ஒரு வரி விடாமல் வாசிப்பார். சிட்டையில் அவர் எழுதும் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். அவர் கடையிலிருந்து, அவர் பெயரில் போகும் பில்லை அவரால் வாசிக்க முடியவில்லை. பையனைக் கூப்பிட்டு, “இதுல என்ன போட்ருக்கு, வாசி” என்பார். அதை நான் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வேகமான பில்லைச் செய்து கொடுத்த பெருமை எனக்கு அந்த இடத்தில் நின்றுபோனது.

நான் சென்னைக்கு வேலைக்குப் போன பிறகும் இந்தக் கடையை விடவில்லை. 2008-இல் பிஎச்பி-ஜிடிகேயின் இரண்டாம் பதிப்பு வந்தது. கடைக் கணினியும் விண்டோஸ் எக்ஸ்பிக்கு மாறியிருந்தது. இந்தப் பதிப்பு ஜிடிகே 2-இன் மேல் நின்றது. அதற்குள் எழுத்தை வரையும் வேலையைச் செய்வது பாங்கோ. கிரேக்கத்தில் ‘எல்லாம்’ என்ற பொருள்தரும் பான், ஜப்பானியத்தில் ‘மொழி’ என்ற பொருள்தரும் கோ, இரண்டும் சேர்ந்த பெயர். எல்லா மொழியும் என்று பெயர் வைத்தவர்கள் தமிழையும் அதில் சேர்த்திருந்தார்கள். ஒரு சனிக்கிழமை இரவு மதுரைக்கு பஸ் ஏறி, ஞாயிற்றுக்கிழமை கடையில் உட்கார்ந்து எல்லாச் சரக்கையும் தமிழில் ஏற்றினேன். ‘கொத்தமல்லி’ என்று அடித்தேன். ககரத்துக்கு முன்னால் கொம்பும் பின்னால் காலும் அதனதன் இடத்தில் போய் நின்றன. யூனிகோடில் நான் முதலில் அடித்தது ககரம். பிறகுதான் ஒகரக் குறி. அதைப் பிரித்து இருபுறமும் நிறுத்தியது பாங்கோ.

அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையில் இருந்த பட்டியல் முழுவதையும் வாய்விட்டு வாசித்தார். அரிசி, ஆளிவிதை, இந்துப்பு, ஏலக்காய் என்று. நாற்பது வருடமாக அவர் விற்றுக்கொண்டிருக்கும் சரக்குதான்.

பில்லில் மட்டும் இன்னும் ஆங்கில எழுத்து. பிரிண்டர் மாறவில்லை.

பிஎச்பிக்கும் உள்ளுக்குள் தமிழ் தெரியாது என்பதைச் சொல்ல வேண்டும். ‘தமிழ்’ என்ற சொல்லுக்கு எத்தனை எழுத்து என்று அதன் வழக்கமான கட்டளையைக் கேட்டால் 15 என்று சொல்லும். நமக்கு மூன்று. யூனிகோடுக்கு ஐந்து குறி. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் என்பதால் பதினைந்து. பிஎச்பி எண்ணுவது பைட்டை. இதைச் சரிசெய்து, யூனிகோடை மொழியின் வயிற்றுக்குள்ளேயே வைக்கும் பெரிய முயற்சி ஒன்று 2005 வாக்கில் தொடங்கியது. அதற்குப் பிஎச்பி 6 என்று பெயர். அதை முன்னின்று நடத்தியவரும் அதே ஸ்மியெவ்ஸ்கிதான். மேசைக்கணினிச் சன்னலை எனக்குத் திறந்துவிட்டவரே எழுத்தையும் கொண்டுவரப் போகிறார் என்று எவ்வளவு ஆவலாகக் காத்திருந்தேன்! 2010-இல் அந்த முயற்சியைக் கைவிட்டார்கள். வேலை பெரிது, ஆட்கள் குறைவு, வேகமும் பாதிக்கப்பட்டது. பிறகு 5-லிருந்து நேரே 7-க்குத் தாண்டினார்கள். ஆறு என்ற எண்ணே இல்லாமல் போனது. பிஎச்பி-ஜிடிகேயும் 2008-க்குப் பிறகு நகரவில்லை. இரண்டையும் நம்பி இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த இரண்டு கனவுகளும் தப்பான கனவுகள் இல்லை.

கடையில் ஓடிய என் சன்னல் 2017 ஜூன் 30 வரை ஓடியது. மறுநாள் ஜிஎஸ்டி. 2007 ஜனவரியில் வாட் வந்தபோது நான் ஒரு ராத்திரியில் மாற்றிக் கொடுத்தேன். ஜிஎஸ்டிக்கு எச்எஸ்என் குறியீடு, இரண்டாகப் பிரியும் வரி, மாதாமாதம் தாக்கல் என்று வேலை மலையாக இருந்தது. எனக்குச் சென்னையில் பிள்ளைகள், வேலை. கடை ஒரு ரெடிமேட் மென்பொருளை வாங்கிக்கொண்டது. அதிலும் ஆங்கிலம்தான்.

இத்தனை வருடத்தில் வெளியே என்ன நடந்தது?

2006-இல் சென்னையில் ஒரு நேர்முகத் தேர்வில், நான் செய்த வேலையாக இந்தக் கடைப் புரோகிராமைச் சொன்னேன். எதிரே இருந்தவர், வெப் மொழியில் யாராவது டெஸ்க்டாப்புக்கு எழுதுவார்களா என்று கேட்டார். வேலை கிடைக்கவில்லை. அன்றைக்குக் கோடம்பாக்கம் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றபோது எனக்கு ஏற்பட்ட அவமானம் இப்போதும் நினைவிருக்கிறது.

2013-இல் கிட்ஹப்பில் செங் ஸாவ் என்பவர், ஆட்டம் என்ற எடிட்டருக்கு அடித்தளமாக ஒன்றை எழுதினார். குரோமியம் பிரவுசரையும் நோட் ஜேஎஸ்ஸையும் ஒரே உறைக்குள் போட்டுத் தைத்தது. 2015-இல் அதற்கு எலக்ட்ரான் என்று பெயர் மாறியது. அதே வருடம் மைக்ரோசாஃப்ட் அதன் மேல் விஷுவல் ஸ்டுடியோ கோடை வெளியிட்டது. ஸ்லாக், டிஸ்கார்ட் என்று மற்றவையும் வரிசையாக வந்தன. 1995-இல் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் முதல் வடிவத்தை எழுதி முடித்த ஜாவாஸ்கிரிப்ட், பக்கத்தில் ஒரு பொத்தானை அசைய வைக்கப் பிறந்த மொழி, இப்போது மேசைக்கணினியில் நான் திறக்கும் சன்னல்களில் பாதிக்கு மேல் அதுதான். ஆட்டம் எடிட்டரை 2022 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். அதற்காக எழுதப்பட்ட அடித்தளம் நிற்கிறது.

எலக்ட்ரானைப் பிரித்துப் பார்த்தபோது நான் கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். உள்ளே ஒரு பக்கம் பின்வேலை பார்க்கும் நிரல், மறுபக்கம் பிரவுசர், இரண்டும் ஒரே கணினிக்குள் பேசிக்கொள்கின்றன. 2003-இல் நான் அண்ணாச்சி கடையில் கட்டிய குட்டி இணையம் இதே வடிவம். பிரவுசர் இதற்கான இடமில்லை என்று இரட்டை பில்லுக்குப் பிறகு நானே அதைப் பிய்த்துப் போட்டேன். 2023-இல் மார்செல் போசியோட் அறிவித்த நேட்டிவ்பிஎச்பி இன்னும் நெருக்கம். வெளியே எலக்ட்ரான் சன்னல், உள்ளே பிஎச்பி ஓடும் சின்ன சர்வர். அறிவிப்பைப் பார்த்த அன்று அலமாரியிலிருந்து பழைய சிடியை எடுத்து, மேலே என் கையெழுத்தில் இருந்த தேதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் அண்ணாச்சி மகன் போன் செய்தார். “அண்ணே, வரிக்கணக்கெல்லாம் அந்த சாஃப்ட்வேர்லயே இருக்கட்டும். அப்பாவுக்குப் புரியற மாதிரி கவுன்ட்டர் பில்லுக்கு மட்டும் ஒண்ணு செஞ்சு குடுங்க. தமிழ்ல.” மறுப்பு சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெரியவருக்கு அப்போது வயது எழுபத்தெட்டு.

எலக்ட்ரானில் எழுதினேன். பிரவுசரைக் கூடவே சுமந்து வராமல் கணினியில் ஏற்கெனவே இருப்பதைப் பயன்படுத்தும் டவுரி போன்றவை உண்டு, அவை எடை குறைவு. டவுரியின் உள்வேலை ரஸ்ட் மொழி, எனக்கு அதில் கை பழகவில்லை. முதல் வேலையாக எலக்ட்ரானோடு வரும் மெனுவை எடுத்தேன். அதை விட்டுவைத்தால் கன்ட்ரோல் ஆர் அழுத்தினதும் பக்கம் புதிதாகிவிடும். இரட்டை பில்லை நான் மறக்கவில்லை. கணக்குக்கு மறுபடியும் எஸ்க்யூலைட், கடைக் கணினியிலேயே. நெட் இல்லாவிட்டாலும் பில் விழ வேண்டும் என்று பெரியவர் சொல்லிவிட்டார்.

எடைதான் எனக்கு உறுத்தியது. ஒரு பொத்தான் மட்டும் உள்ள வெற்றுச் சன்னல்கூட நூறு எம்பிக்கு மேல். முன்பு என் மொத்தப் புரோகிராமும் சிடியின் ஒரு மூலையில் கிடந்தது, கணினிக்கு இருந்த 128 எம்பியில் விண்டோஸோடு சேர்ந்து ஓடியது. இன்று கடையில் 4 ஜிபி இருக்கிறது. அதில் இந்த பில் சன்னல் ஒரு பிரவுசர், வாட்ஸாப் பார்ப்பது ஒரு பிரவுசர், வரிக்காகத் திறந்திருப்பது ஒரு பிரவுசர். ஒன்றுக்கொன்று தெரியாமல் ஒரே வேலையை மூன்று தடவை செய்கின்றன. அடுத்தவர் கணினியில் எவ்வளவு இடம் எடுத்துக்கொள்கிறோம் என்ற கூச்சம் எங்கள் தொழிலில் இருந்தது. அது போய்விட்டது என்பதை வருத்தத்தோடுதான் சொல்கிறேன். காலையில் அந்தச் சன்னல் திறக்கும் வரை பெரியவர் காத்திருப்பதைப் பார்க்கும்போது எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

ஆனாலும் அந்த எடையின் உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் பார்த்தேன். குரோமியத்துக்குள் எழுத்தை வடிவமைப்பது ஹார்ஃப்பஸ் என்ற தொகுப்பு. பாரசீகத்தில் ‘திறந்த எழுத்து’ என்று பொருள். பாங்கோ செய்த வேலையை இப்போது அது செய்கிறது. தமிழுக்காக நான் ஒரு வரிகூட எழுதவில்லை. எழுத்துருவைத் தேடவில்லை, குறியீட்டை மாற்றவில்லை. ‘கொத்தமல்லி’ என்று அடித்தேன், கொத்தமல்லி என்று வந்தது. விண்டோஸ் 98-இல் நான் தோற்ற இடத்துக்கு அந்தக் கனமான பிரவுசர் தமிழைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. எடையைப் பற்றிக் குறை சொல்லும்போதெல்லாம் இதுவும் சேர்ந்தே எனக்கு நினைவுக்கு வருகிறது.

பிரிண்டரும் மாறிவிட்டது. மூன்று அங்குலத் தெர்மல். 80 மில்லிமீட்டர் தாளில் குறுக்கே 576 புள்ளிகளை ஒரே நேரத்தில் சுட்டுவிடும். அதற்கு எழுத்தும் படமும் ஒன்றுதான். தமிழ் என்பதால் தாமதம் இல்லை. சத்தமும் இல்லை. பில் வந்து விழுவது தெரியாமல் மூட்டை தூக்குகிறவர் முதல் நாள் அப்படியே நின்றார்.

முதல் பில்லைக் கிழித்துப் பெரியவர் கையில் கொடுத்தார் மகன். அவர் கண்ணாடியை எடுத்து மாட்டினார். யாரையும் வாசிக்கக் கூப்பிடவில்லை. கடைப் பெயர், தேதி, துவரம்பருப்பு, பாசிப்பருப்பு என்று உதடு அசைந்து வந்தது. ஒரு வரியில் நின்றது.

“தம்பி, இங்க வாங்க. வெல்லத்துக்குப் புள்ளி எங்க?”

நான் குனிந்து பார்த்தேன். ‘முதல்தர மண்டை வெல்லம’ என்று இருந்தது.

பழைய பழக்கம். சரக்குப் பெயருக்கு இருபது எழுத்து, மிஞ்சினால் வெட்டு என்று 2004-இல் போட்ட கணக்கை இங்கேயும் போட்டிருந்தேன். ஆங்கில எழுத்தில் அது சரியாக இருந்தது. ஜாவாஸ்கிரிப்ட் பைட்டை எண்ணாது, தமிழில் அது எண்ணுவது யூனிகோடு குறிகளை. முதல்தர மண்டை வெல்லம் என்பதில் இடைவெளியோடு 21 குறிகள். இருபதோடு வெட்டியதில் கடைசிக் குறி போய்விட்டது. அந்தக் கடைசிக் குறிதான் புள்ளி. நாம் எண்ணினால் பன்னிரண்டு எழுத்து, இரண்டு இடைவெளி, ஆகப் பதினான்கு. வெட்ட வேண்டிய அவசியமே இருந்ததில்லை.

2020 முதல் குரோமியத்துக்குள் செக்மென்ட்டர் என்று ஒன்று இருக்கிறது. எழுத்தை நாம் எண்ணுவது போல் எண்ணும். ‘வெ’ ஒன்று, ‘ல்’ ஒன்று, ‘ல’ ஒன்று, ‘ம்’ ஒன்று. அங்கேயே, அரிசி மூட்டை மேல் மடிக்கணினியை வைத்து, வெட்டும் வரியை மாற்றினேன். மறுபடி அச்சடித்தோம். பெரியவர் வாங்கி அந்த வரியை மட்டும் பார்த்தார். தலையை ஆட்டினார்.

“இந்தத் தாளு எவ்வளவு நாளு தாங்கும்?”

“வெயில் படாம வச்சா கொஞ்ச மாசம் இருக்கும் அண்ணாச்சி. அப்புறம் வெளுத்துரும்.”

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து சிட்டையை எடுத்தார். பேனா மூடியைக் கழற்றினார். பில்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்து எழுத ஆரம்பித்தார்.